கார் சாவியைக் கொடுத்துட்டீங்க, ஆர்.சி.யில பேரை மாத்துனீங்களா?



கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற பல பேருக்கு முதல் கார் செகண்ட் ஹேண்ட் கார்தான். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறவங்களுக்கு அதோட அருமை தெரியும். வாங்குறவங்க எஞ்சின், டயர், கிலோமீட்டர் எல்லாம் பார்த்துப் பார்த்துதான் வாங்குறாங்க. ஆனா என்னைக் கேட்டா, பெரிய ரிஸ்க் விக்கிறவருக்குத்தான்.

நம்ம ஊர்ல கார் எப்படி விக்கிறோம்? புரோக்கர் பணத்தைக் கையில கொடுப்பார். ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் வாங்குறவர் பேர் போடாமலே கையெழுத்து வாங்கிக்குவார். "பேர் மாத்துறதை நான் பார்த்துக்குறேன் சார்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிடுவார். வேலை முடிஞ்சதுன்னு நாமும் வீட்டுக்கு வந்துடுவோம். உண்மையில பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கைப் பாருங்க. ஒருத்தர் 2007-ல தன் காரை வித்தார். அது பல கை மாறிப் போச்சு, ஆனா ஆர்.சி.யில அவர் பேரே இருந்தது. 2009-ல அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். காருக்கு இன்சூரன்ஸும் இல்லை. 2018 பிப்ரவரி 6-ம் தேதி வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? ஆர்.டி.ஓ. பதிவேட்டுல யார் பேர் இருக்கோ, சட்டப்படி அவர்தான் உரிமையாளர். நஷ்டஈடு கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. கார் கையை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆகியும் பணம் அவர் பாக்கெட்ல இருந்துதான்!

2025 நவம்பர்ல டெல்லி செங்கோட்டை பக்கத்துல வெடிச்ச காரும் பல கை மாறின கார்தான். போலீஸ் ஆரம்பத்துல தேடிப் போனது ஆர்.சி.யில பேர் இருந்த பழைய ஓனரைத்தான்.

"அந்த புரோக்கர் பத்து வருஷப் பழக்கம்"னு சொல்வீங்க. இருக்கட்டும். அவர் நல்லவராவே இருந்தாலும், அவர்கிட்ட இருந்து வாங்குற மூணாவது ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?

அதனால விக்கிறவங்க இதைச் செய்யுங்க:

1. வாங்குறவர் பேர், முகவரி இல்லாத ஃபார்ம்ல கையெழுத்தே போடாதீங்க. அவரோட அடையாள அட்டை நகல் வாங்கி வையுங்க. வண்டி கொடுத்த தேதி, மணி, ஓடின கிலோமீட்டர் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.

2. ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள நீங்க ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். வாங்கினவருக்கு 30 நாள் அவகாசம். வாகன் போர்ட்டல்ல பேர் மாறுற வரைக்கும் வேலை முடிஞ்சதா நினைக்காதீங்க.

3. டீலர்கிட்ட கொடுத்தா, அவருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்கான்னு கேளுங்க. 2023 ஏப்ரல் முதல் இதுக்குத் தனி விதி இருக்கு. ஃபார்ம் 29சி மூலமா வண்டியை ஒப்படைச்சதைப் பதிவு பண்ணிட்டா, அவர்கிட்ட இருக்கிற வரைக்கும் பொறுப்பு அவரோடது.

4. ரொக்கமா 2 லட்சமோ அதுக்கு மேலயோ வாங்காதீங்க. வருமான வரிச் சட்டப்படி வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். பேங்க் மூலமா வாங்குங்க, அதுவே உங்களுக்கு ஆதாரம்.

5. நோ கிளெய்ம் போனஸ் உங்களோடது, காரோட போகாது. இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட சான்று வாங்கி வெச்சா அடுத்த காருக்கு உதவும்.

வாங்குறவங்களுக்கும் சில விஷயம். கடன் பாக்கி இருந்த வண்டின்னா, பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் இல்லாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. இ-சலான் பாக்கியைப் பாருங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிங்க. இல்லன்னா உங்க கார் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். 2015, 2023 வெள்ளம் பார்த்த ஊர் இது. சீட் பெல்ட்டை முழுசா இழுத்து, கார்ப்பெட்டைத் தூக்கிச் சேறு கறை இருக்கான்னு பாருங்க.

ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திரா. அங்கே விலை குறைவுன்னு வாங்குறீங்களா? அந்த ஆர்.டி.ஓ.வோட என்.ஓ.சி. (ஃபார்ம் 28) வேணும், தமிழ்நாட்டு வரி கட்டணும், 12 மாசத்துக்கு மேல இங்கே வெச்சிருந்தா இங்கத்திய நம்பரும் வாங்கணும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துட்டு விலை குறைவான்னு சொல்லுங்க.

திருவள்ளூரோ செங்குன்றமோ, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக அரை நாள் லீவு போடணும்தான். ஒரு நாள் சம்பளத்துல பாதி போகும். ஆனா வித்த காருக்காகக் கோர்ட் படி ஏறினா எத்தனை நாள் லீவு போடணும்னு யோசிங்க.

ஏற்கெனவே கார், பைக் வித்தவங்க இன்னைக்கே அந்த நம்பரை எம்-பரிவாகன்ல போட்டுப் பாருங்க. இன்னும் உங்க பேரே இருக்கற மாதிரி தெரிஞ்சா, நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்.