வெள்ளம் வடிந்த வீடு

கார்த்திகையிலும் மார்கழியிலும் பெருமழை. தை பிறந்தால் பொங்கல். எமது வடக்கு, கிழக்குப் பகுதிகளில் வெள்ளத்திற்கும் வெள்ளையடிப்பிற்கும் இடையே கிடைக்கும் காலம் இவ்வளவே. 2008 நவம்பரில் நிஷாப் புயல் யாழ்ப்பாணத்தை நீரில் ஆழ்த்தியபோதும், 2025 நவம்பரில் டித்வாப் புயல் இலங்கையை அலைக்கழித்தபோதும், பொங்கலுக்கு ஏறக்குறைய ஏழு வாரங்களே இருந்தன. அதற்குள் வீட்டைப் புதுக்கிவிட வேண்டுமென்று இல்லத்தரசிகள் துடிப்பது இயல்பே. அவ்வவசரத்தைச் சற்று அடக்கிக்கொள்ளுமாறு வேண்டுவதே இவ்வாரம் எமது நோக்கம்.

செங்கல்லும் சீமெந்துக் கல்லும் நீரைக் குடிப்பவை. முழங்காலளவு நின்ற வெள்ளம் சுவரினுள்ளே அதற்கு மேலும் ஏறியிருக்கும். வெளிமுகம் ஒரு கிழமையிற் காய்ந்துவிட்டாற் போலத் தோன்றும். உள்ளீரம் நீங்கவோ மாதக்கணக்கிற் செல்லும். அதன்மேல் இக்காலத்து எண்ணெய்ப் பெயின்றைப் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் பெயின்றைக் கொப்புளங்களாகத் தள்ளும். சுவர் உப்புப் பூக்கும். அலுமாரியின் பின்புறத்திற் கரும்பூஞ்சணம் படரும். தொய்வு நோயுள்ள குழந்தையொன்று அவ்வீட்டில் இருந்தால் அதன் இராத்தூக்கம் போய்விடும். பூசியே தீரவேண்டுமெனின் சுண்ணாம்பு பூசுங்கள். அதனூடே ஈரம் வெளியேறும். நம் பாட்டன்மார் சுண்ணாம்பை விரும்பியது சிக்கனத்திற்காக மட்டும் அன்று போலும்!

ஈரம் போயிற்றா என்பதை அறிய ஓர் எளிய வழியுண்டு. ஒரு முழச் சதுரமான பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்பையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி ஒருநாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி அரும்பினால் இன்னும் பொறுத்திருக்க வேண்டியதே. அதுவரை யன்னல்களைத் திறந்து, தளபாடங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்று தன் வேலையைச் செய்யும். பஞ்சு மெத்தை நனைந்துவிட்டால் அதனை உலர்த்திக் காப்பாற்ற முயல்வது வீண், எறிந்துவிடுவதே நன்று. தேக்கும் வேம்பும் நிழலில் மெல்ல உலர்ந்தாற் பிழைக்கும், ஒட்டுப்பலகை பிழைக்காது.

மின்சார விடயத்திற் பேச்சிற்கே இடமில்லை. நீர் புகுந்த வீட்டில், தகுதியுள்ள மின்தொழிலாளர் பார்வையிடும்வரை பிரதான சுவிச்சைத் தொடலாகாது. சேற்றை வாருவோர் காலணியும் கையுறையும் அணிதல் வேண்டும். எலிக்காய்ச்சற் கிருமி சிறு கீறலினூடேயும் உட்புகும். பின்னர் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்டால், வெள்ளத்தில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாது சொல்லுங்கள்.

நிற்க, கிணற்றிற்கு வருவோம். வெள்ளம் புகுந்த கிணற்றை உடனே இயந்திரம் வைத்து அடிமட்டம்வரை இறைத்துவிடுவது பலரது வழக்கம். இது அபாயமானது. சுற்றியுள்ள நிலம் நீரில் ஊறிக் கனத்திருக்கையிற் கிணற்றை வெறுமையாக்கினால், உள்ளிருந்து தாங்கும் நீரின்றிக் கட்டுச் சரிந்து விழக்கூடும். யாழ்ப்பாணத்திலும் கிழக்குக் கரையோரத்திலும் இன்னுமோர் இடருண்டு. அங்கே நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுமீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் கிழக்கிலே கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தும் உப்பு எளிதிற் குறையவில்லை. ஆகவே சுற்றுநிலத்தின் நீர் இறங்கியபின், சிறிது சிறிதாக இறைத்துச் சேற்றை அகற்றி, பின்னரே குளோரீன் இடுதல் வேண்டும்.

இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறுவார். அவருக்கு வேண்டியது கிணற்று நீரின் கொள்ளளவு. இக்கணக்கை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படையுங்கள். விட்டத்தை விட்டத்தாற் பெருக்கி, அதனை 0.785 ஆலும் நீரின் ஆழத்தாலும் பெருக்கினால் கனமீற்றர் வரும். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 14 கனமீற்றர், அதாவது 14,000 லீற்றர் நீர் உண்டு. கிணறு செவ்வையாகும்வரை குடிநீரைக் கொதிக்க வைத்தே பருகுங்கள்.

இனி, றங்குப் பெட்டியிலுள்ள கடதாசிகள். காணி உறுதி நனைந்துவிட்டதெனக் கலங்க வேண்டாம். பதிவான உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திற் பெறலாம். பரீட்சைச் சான்றிதழின் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்தித் தரும். நனைந்த தாள்களை வெயிலிற் பரப்பாது நிழலில், தாளுக்குத் தாள் மையுறிஞ்சும் கடதாசி வைத்து உலர்த்துங்கள். இரண்டு நாட்களுள் முடியாத அளவு இருப்பின், பொலித்தீன் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் வைத்தாற் பூஞ்சணம் பிடியாது. ஆறுதலாக எடுத்து உலர்த்தலாம்.

நிழற்படங்களுக்குத்தான் எந்தப் பதிவகத்திலும் பிரதி கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டியவற்றைப் பிய்த்தல் ஆகாது. சுத்தமான குளிர்நீரில் அவற்றை அமிழ்த்தி வைத்து, தாமாக நெகிழ்ந்து வருகையில் ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேல்நோக்கியிருக்கத் துணியின்மேற் பரப்பி உலரவிடுங்கள். சேறு பட்ட முகத்தை விரலால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.