சப்தம் சக்தியாகுமா?

நள்ளிரவில் ஊர் உறங்கும் வேளையில், ஸைலென்ஸரை மாற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று தெரு வழியே உறுமிச் செல்கிறது. தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுகிறது. நோயாளி கண் விழிக்கிறார். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் புத்தகத்தை மூடுகிறான். வண்டியோட்டும் வாலிபனைக் கேட்டால் என்ன பதில் வரும்? "தொழிற்சாலைக் குழாய் எஞ்சினை அடைத்து வைக்கிறது, இதை மாட்டினால் சக்தி கூடும்" என்பான். இந்தப் பதிலை நாம் ஏளனம் செய்ய விரும்பவில்லை. யந்திரத்திலிருந்து மேலும் சக்தியைப் பெற வேண்டும் என்ற ஆவல் நல்ல ஆவலே. அது இல்லாத தேசத்தில் யந்திரத் தொழில் ஒருநாளும் தழைக்காது. ஆனால், கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது சக்தியா, வெறும் சப்தமா என்பதை விசாரிக்க வேண்டாமா? பெரும்பாலோர் வாங்குவது சப்தமே என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இந்த மயக்கத்தின் மூலம் ஒன்றுதான். புகைக் குழாயை வீட்டுச் சாக்கடையைப்போல் நினைத்துவிடுகிறார்கள். அடைப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் அந்தக் குழாய் நாதஸ்வரத்துக்கு நெருங்கிய உறவு. வெளிப்போக்கு வால்வு திறந்ததும் எரிந்த வாயு அழுத்தத்துடன் பாய்கிறது. அதோடு ஓர் அழுத்த அலையும் குழாயின் வழியே ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தையோ முடியும் இடத்தையோ அந்த அலை எட்டியதும், உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. வெளிப்போக்கு வால்வு மூடிக்கொண்டிருக்க, உட்போக்கு வால்வு திறக்கத் தொடங்கும் அந்தச் சிறு இடைவேளையில் அது வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை வெளியே இழுத்துவிடும். புதிய கலவை உள்ளே வரவும் உதவும். காலந்தவறி வந்தால் உபகாரம் போய் உபத்திரவமாகும்.

கணக்கைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. சூடான புகை வாயுவில் அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது, ஒரு சுற்று முடிவதற்குள் அலை கடப்பது ஏறக்குறைய 5 மீட்டர். எனவே குழாயின் நீளம் ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் அலை திரும்பும் வேளை மாறுகிறது. ஒரு வேகத்துக்குப் பொருந்தும் நீளம் மற்றொரு வேகத்துக்குப் பொருந்தாது. எல்லா வேகத்திலும் சக்தியைக் கூட்டும் குழாய் என்று விளம்பரம் செய்கிறவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்தே சொல்கிறவர்.

விட்டத்தின் கதையும் அப்படியே. மிகவும் குறுகிய குழாய் அதிக வேகத்தில் எஞ்சினை மூச்சுத் திணறச் செய்யும். மிகவும் அகன்ற குழாயில் வாயுவின் ஓட்டம் மந்தமாகி, குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். எஞ்சினுக்கு எதிர் அழுத்தம் அவசியம் என்று பட்டறைகளில் சொல்லுகிறார்களே, அது சரியல்ல. எந்த எஞ்சினும் அடைப்பை விரும்புவதில்லை. அது வேண்டுவது வாயுவின் வேகமும், அலையின் காலந்தவறாமையுமே. நம் சாலைகளில் பிரசித்தமான 349 கன சென்டிமீட்டர் ராயல் என்பீல்டு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் முழுச் சக்தியான சுமார் 20 குதிரைச் சக்தி கிடைப்பது 6100 சுற்றில். இழுவை உச்சத்தை அடைவதோ 4000 சுற்றில். அன்றாடம் அதை ஓட்டுகிறவர் பெரும்பாலும் அந்த 4000-த்துக்குக் கீழேயே ஓட்டுகிறார். அவருக்கு உச்ச வேகத்தில் அரைக் குதிரைச் சக்தியைக் கொடுத்து, மேடேறும் இழுவையைப் பறித்துக்கொள்ளும் குழாயால் என்ன பிரயோஜனம்?

குழாயால் சக்தியே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. சரித்திரம் அதற்கு நேர்மாறானது. கிழக்கு ஜெர்மனியில் எம்.இஸட். தொழிற்சாலையில் வேலை செய்த வால்டர் காடன் என்ற எஞ்சினீயரிடம் பெரும் பணம் இல்லை. உயர்ந்த உலோகங்களும் இல்லை. அலைகளை அளக்கும் கருவியும், அளந்ததை ஆராயும் பொறுமையும் இருந்தன. இரண்டு வீச்சு எஞ்சினுக்கேற்ற விரிவறைக் குழாயை அவர் படிப்படியாகச் செம்மைப்படுத்தினார். 1961-ல் 125 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து 25 குதிரைச் சக்தி பெற்றார். அவ்வாண்டிலேயே அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டு வெளியேறி, அந்த ரகசியத்தோடு ஜப்பானின் சுஸுகி கம்பெனியிடம் சேர்ந்தார். 1962-ல் 50 கன சென்டிமீட்டர் உலகப் பட்டம் சுஸுகிக்குக் கிடைத்தது. ஒரு குழாயின் அளவுகள் ஒரு கம்பெனியின் தலைவிதியையே மாற்றின. அந்த அளவுகளை அறிந்ததுதான் சக்தி. சப்தம் அதன் நிழல்.

இந்தப் பாடத்தை நம் ஊர் பட்டறைகள் எப்படிப் படித்தன? 1985-ல் வெளிவந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை இன்றும் தமிழ்நாட்டு வாலிபர்கள் கண்ணைப்போல் காக்கிறார்கள். அந்த 98 கன சென்டிமீட்டர் எஞ்சினின் 11 குதிரைச் சக்தியில் புகைக் குழாயின் வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புதிய கலவை வெளியே தப்பிப் போகாமல் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுவது அந்த வடிவமே. அதை அறுத்தும் துளையிட்டும் "திறந்து" விடுகிறவர்கள், மண்பானையில் ஓட்டை போட்டுவிட்டுத் தண்ணீர் நன்றாக ஓடுகிறது என்று மகிழ்கிறவர்களே.

ஆகையால், பந்தயத்துக்காக மெய்யாகவே சக்தி வேண்டுகிறவர்களுக்கு நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். முதலில் எந்த வேகத்தில் சக்தி வேண்டும் என்று தீர்மானியுங்கள். பிறகு அதற்கேற்ற நீளமும் விட்டமும் உள்ள குழாயைத் தேடுங்கள். பின்பகுதியை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் எடை குறைவதே. எஞ்சினிலிருந்து வரும் முன்குழாய் பழையதாகவே இருக்கும்வரை பெரிய மாறுதலை எதிர்பார்க்க வேண்டாம். சக்தியளக்கும் யந்திரத்தில் வண்டியை ஏற்றி, மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அளந்து பாருங்கள். உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல், எல்லா வேகங்களிலும் ஒப்பிடுங்கள். காதை நம்பாதீர்கள், சப்தம் பெருகினால் வேகமும் பெருகியதாக அது பொய் சாட்சி சொல்லும்.

குழாய் மாறினால் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதமும் மாறும். கார்புரேட்டர் வண்டியானால் ஜெட்டையும் ஊசியையும் அதற்குத் தக்கபடி திருத்த வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளுத்திருப்பது பெட்ரோல் குறைவையும், கரி படிந்திருப்பது அதிகத்தையும், பழுப்பு நிறம் சரியான நிலையையும் காட்டும். குறைவான பெட்ரோலில் ஓடும் எஞ்சின் சூடேறி, வால்வையும் பிஸ்டனையும் பலி கொடுக்கும். 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி வரும் வண்டிகளில் விஷயம் இன்னும் நுட்பமானது. அவற்றின் புகைக் குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் அறையும், பிராண வாயுவை அளக்கும் உணர்கருவியும் இருக்கின்றன. உணர்கருவி சொல்வதைக் கேட்டு எஞ்சின் தன்னைத் திருத்திக்கொள்வது நிதானமான ஓட்டத்தில் மட்டுமே. முழு வேகத்தில் முன்பே எழுதி வைத்த கணக்கின்படிதான் பெட்ரோல் பாய்கிறது. அந்தக் கணக்கைத் திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றுவது, மருந்தை மாற்றிவிட்டுப் பத்தியத்தைப் பழையபடியே வைப்பதாகும். நச்சு நீக்கும் அறையைப் பிடுங்கி எறிவதோ, நாம் சுவாசிக்கும் காற்றுக்கே செய்யும் துரோகம்.

இனிச் சட்டத்தின் நிலையைக் கவனிப்போம். 80-க்கு மேல் 175 கன சென்டிமீட்டர் வரையுள்ள வண்டிக்கு 77 டெஸிபெல், அதற்கு மேற்பட்டதற்கு 80 டெஸிபெல் என்று 2005 முதல் உற்பத்தி நிலையில் சப்த வரம்பு ஏற்பட்டது. பத்து டெஸிபெல் கூடினால் சப்தத்தின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இருபது கூடினால் நூறு மடங்கு. வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. தொழிற்சாலையார் குறித்த அமைப்புக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, முறையற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு.

சட்டம் இருக்கிறது, சப்தம் ஓயவில்லை. காரணம் என்ன? போலீஸார் அவ்வப்போது குழாய்களைக் கைப்பற்றி, சாலை உருளையை ஏற்றி நசுக்குகிறார்கள். கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. ஆனால் அவற்றைச் செய்தவரும் விற்றவரும் மறுநாளும் கடை திறக்கிறார்கள். வாங்கிய வாலிபனைத் தண்டித்து, விற்றவரை விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்? ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்கு விதிகளில் 92-வது விதி, மோட்டார் சைக்கிளின் மாற்று ஸைலென்ஸர்களுக்கென்றே ஏற்பட்டது. அதை அனுசரிக்கும் நாடுகளில், பரிசோதனையில் தேறிய குழாயின்மேல் அங்கீகார முத்திரை பதிந்திருக்கும். நம் நாட்டிலும் கடைகளில் விற்கும் ஒவ்வொரு குழாயின்மேலும், அது எந்த வண்டிக்கு உரியது, எத்தனை டெஸிபெல் என்பவை பொறிக்கப்பட வேண்டும். முத்திரையில்லாததை விற்பது குற்றமாக வேண்டும். முத்திரையுள்ளதைப் பொருத்துகிறவரைச் சட்டம் தைரியமாக அனுமதிக்கவும் வேண்டும். நேர்வழியைத் திறக்காமல் குறுக்கு வழியை மட்டும் அடைப்பதால் பயனில்லை.

எல்லையில்லாத சக்தியை விரும்புகிறவர்களுக்கும் இடமில்லாமற் போகவில்லை. ஒரு காலத்தில் சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்தன. இப்பொழுது இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. அங்கே கடிகாரம் சாட்சி சொல்லும். குழாய் மெய்யாகவே சக்தி கொடுத்ததா என்பது ஒரே சுற்றில் தெரிந்துவிடும். நம் பாலிடெக்னிக்குகள் ஒவ்வொன்றிலும் சக்தியளக்கும் யந்திரம் ஒன்று வைத்து, வாலிபர்களே குழாய் செய்து அளந்து பார்க்க வகை செய்தால், இன்று தெருவில் வீணாகும் உற்சாகம் நாளைத் தொழிலாகும்.

நிறைகுடம் தளும்பாது என்பது நம்மவர் வாக்கு. நல்ல எஞ்சினும் அப்படித்தான். வாலிபர்களே, அளவுகோலைக் கையில் எடுங்கள். ஊராரின் உறக்கத்தை விட்டுவிடுங்கள்.