மின்சாரம் விற்றவர்களும் கூட்டாளிகளே

தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி. அங்கே உயர்ந்த மதில்களுக்குள் இருந்துகொண்டுதான் மோசடிக் கும்பல்கள் ஊர் ஊராக ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பைச் சுருட்டுகிறார்கள். போனில் ஆசை காட்டிப் பேசுகிறவரே பல நேரம் அங்கே கைதிதான். ‘டேட்டா என்ட்ரி வேலை, கைநிறையச் சம்பளம்’ என்று பாங்காக்குக்கு வரவழைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் கடத்திவிடுகிறார்கள். சொன்ன தொகையைக் கறக்காவிட்டால் அடி, மின் அதிர்ச்சி. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-லேயே சொன்னது.

யாருக்கும் தெரியாமலா நடந்தது? மியாவடியில் சிக்கிய தமிழக இளைஞர்களை மீட்கக் கோரி 2022-லேயே முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் எல்லைக்கு அப்பால் இந்த வளாகங்கள் இருக்கும் பகுதிகளுக்குத் தாய்லாந்தின் மின்சார வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. 2023-ல் இரண்டு இடங்களுக்குத் துண்டித்ததோடு சரி. 2025 ஜனவரியில் சீன நடிகர் ஒருவர் கடத்தப்பட்டு, சீனச் சுற்றுலாப் பயணிகள் வர அஞ்சிய பிறகுதான் ஐந்து எல்லைப் பகுதிகளுக்கு மின்சாரம், இணையம், எரிபொருள் மூன்றும் நின்றன. சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். மார்ச்சில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் திரும்பினார்கள். சுற்றுலா வருமானத்துக்கு ஆபத்து என்றதும் வந்த வேகம், மனிதர்கள் வதைபட்டபோது ஏன் வரவில்லை? வளாகங்களுக்குக் காவல் நின்று காசு பார்த்த ஆயுதக் குழுக்களோடு, கரண்ட் விற்றவர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்தான்.

திருடர்கள் எல்லை பார்ப்பதில்லை. போலீஸ் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. சிங்கப்பூரில் மோசடித் தடுப்புப் போலீசாரோடு வங்கி ஊழியர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். புகார் வந்த கையோடு கணக்கை முடக்க முடிகிறது. இந்த ஏற்பாடு நாடுகளுக்கு இடையிலும் வரவேண்டும். 2024 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற சைபர் குற்ற உடன்படிக்கை நடைமுறைக்கு வர 40 நாடுகளின் ஒப்புதல் தேவை. அரசை விமர்சிப்பவர்களை வேட்டையாட அது பயன்படும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குத் தடுப்பு வையுங்கள். அதைச் சாக்காக்கிச் சும்மா இருக்காதீர்கள்.

நம் அரசுக்கும் ஒரு வேலை பாக்கி. மீண்டு வந்தவர்களில் தெரிந்தே போனவர்களும் இருக்கலாம். விசாரணையில் அது தெரியட்டும். மற்றவர்களைச் சாட்சிகளாக நடத்துங்கள். அனுப்பிவைத்த உள்ளூர் ஏஜென்ட்டின் முகம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஏஜென்ட்டைப் பிடியுங்கள்.