பின்சீட் காலியா இருக்கு, ஏறிடலாமா? பயிற்சி விமானத்தில் 'ரவுண்டு' கேட்கும் முன் இதைப் படிங்க!

"மாப்ள, பின்னாடி ரெண்டு சீட் சும்மாதான் இருக்கு. வா, மேட்டூர் டேமை மேல இருந்து பார்த்துட்டு வந்துடலாம்!"

பைலட் ட்ரெயினிங்கில் சேர்ந்திருக்கும் நண்பன் இப்படிக் கூப்பிட்டா, என்ன சொல்வீங்க? சேலம், நாமக்கல் பக்கம் இது இனி கற்பனை இல்லை. சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி நடத்த 2022-ல் இடம் ஒதுக்கப்பட்டது. ஓமலூர், காமலாபுரம் மக்களுக்குக் குட்டி விமானச் சத்தம் இப்போ பழகிப்போன ஒன்று.

2025 நவம்பரில், சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம் கீரனூர் அருகே திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் அவசரமாகத் தரையிறங்கியது. அந்த வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். உள்ளே இருந்த இருவரும் தப்பிச்சாங்க. மூணாவதா நீங்க இருந்திருந்தா?

விதி என்ன சொல்லுது?

பைக் ஓட்டக் கத்துக்கிற 'எல் போர்டு' ஆளு பின்னாடி நண்பனை ஏத்திக்கிட்டுப் போகக்கூடாது, இல்லையா? வானத்திலும் அதே கதைதான்.

16 வயதில் மாணவர் லைசென்ஸ் வாங்கலாம். ஆனா, பயிற்றுநரின் கண்காணிப்பில்தான் பறக்கணும். பயணிகளை ஏத்தவே கூடாது. நண்பன், அண்ணன், அம்மா... யாருக்கும் விலக்கு கிடையாது.

அடுத்த படி, 17 வயதில் கிடைக்கும் தனியார் பைலட் லைசென்ஸ். குறைந்தது 40 மணி நேரமாவது பறந்திருக்கணும். இதை வச்சிருக்கிறவர் ஆள் ஏத்தலாம், ஆனா காசு வாங்கக்கூடாது. சம்பளத்துக்குப் பறக்க வணிக லைசென்ஸ் வேணும். அதுக்கு 200 மணி நேரம்!

காலி சீட்டுக்கும் கணக்கு இருக்கு

பயிற்சியில் அதிகம் பயன்படும் செஸ்னா 172-ல் நாலு சீட் உண்டு. அதனால நாலு பேர் எப்பவும் போகலாம்னு அர்த்தமில்லை. 172எஸ் மாடல் அதிகபட்சம் 1,157 கிலோவோடுதான் கிளம்பலாம். விமானத்தின் எடை, முழு டேங்க் பெட்ரோல் போக மிஞ்சுவது சுமார் 240 கிலோ. ஆளுக்கு 70 கிலோன்னு வச்சாலே நாலு பேர் 280 கிலோ. கணக்கு இடிக்குதா?

இதோட சேலத்துச் சித்திரை வெயிலையும் சேர்த்துக்கோங்க. சூடான காற்று அடர்த்தி குறைஞ்சது. இன்ஜின் சக்தி, இறக்கையின் தூக்கும் திறன் ரெண்டும் குறையும். ஓடுபாதையில் ஓடவேண்டிய தூரம் கூடும்.

இன்னொரு விஷயம், எடை எங்கே உட்காருதுங்கிறது. பின்சீட்டில் ஆள் ஏற ஏற, எடையின் மையம் வாலை நோக்கி நகரும். 'ஸ்டால்' ஆனா, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தா, மூக்கைக் கீழே இறக்கி மீள்வது கஷ்டமாகும். அதனாலதான் 'ஸ்பின்' மாதிரியான பயிற்சிகளின்போது பின்சீட்டில் யாரும் இருக்கக்கூடாதுன்னு அந்த விமானத்தின் கையேடே சொல்லுது.

பயிற்சிங்கிறதே தப்பு பண்ணிக் கத்துக்கிறதுதான். இன்ஜின் நின்னுட்ட மாதிரி நடிச்சுப் பழகுவாங்க. பயணிகள் இருக்கும்போது அந்த மாதிரி அவசரநிலை ஒத்திகையே கூடாதுன்னு விமான நிறுவனங்களுக்கு சர்வதேச விதி இருக்கு.

"பக்கத்துல இன்ஸ்ட்ரக்டர் இருக்காரே?"

நியாயமான கேள்வி. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஒரு செஸ்னா 172 கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. ஓட்டியது 18 வயது மாணவர். பக்கத்தில் பயிற்றுநர், பின்சீட்டில் வேடிக்கை பார்க்க வந்த இன்னொரு மாணவர். பயிற்றுநர் இறந்தார், மற்ற இருவருக்கும் பலத்த காயம். தரைக்குப் பக்கத்தில் தப்பு நடந்தா, பயிற்றுநர் கைக்கும் நேரம் கிடைக்காது.

ஏறும் முன் மூணு கேள்வி

1. உன்கிட்ட இருக்கிறது எந்த லைசென்ஸ்? மாணவர் லைசென்ஸ்னா பேச்சே வேண்டாம்.

2. இன்னிக்குப் பயிற்சியா, பயணமா? பயிற்சின்னா நீங்க தரையில் நின்னு கை காட்டுங்க.

3. கடைசியா எப்போ பறந்தே, எடைக் கணக்கு போட்டியா? பயணியை ஏத்தணும்னா, கடைசி 90 நாள்ல 3 முறையாவது ஏறி இறங்கியிருக்கணும்னு அமெரிக்காவில் விதியே இருக்கு. நம்ம ஊரிலும் கேட்கவேண்டிய கேள்விதான்.

முகம் சுளிக்காம பதில் சொல்ற நண்பன் நல்ல பைலட் ஆவான். "அட, வா மச்சி, ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னா, "மேட்டூர் டேமுக்கு நாம பஸ்ல போயிக்கலாம் மச்சி"ன்னு சொல்லுங்க. ரீல்ஸ் ஒண்ணு குறையும், அவ்வளவுதான். அவன் லைசென்ஸும் உங்க உயிரும் பத்திரமா இருக்கும்!