வரிசை அறியாப் பயிற்சி

மேசைப்பந்தாட்டத்தின் மேசை 9 அடி நீளமே உடையது. வரும் பந்தின் திசையைத் தேர்ந்து நிற்க ஒரு நொடியும் வாய்ப்பதில்லை. அவ்வாறிருக்க, இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என முன்னரே அறிந்த வரிசையிற் பந்தளித்தால், கை பழகுமேயன்றித் தேருந்திறன் பழகுமோ?

1979இல் ஷே, மார்கன் என்னும் ஆய்வாளர் இருவர் மூவகைக் கையசைவுகளைச் சிலருக்கு ஒவ்வொன்றாகவும், சிலருக்குக் கலந்தும் பயிற்றினர். கலந்து பயின்றோர் பயிலுங்கால் பின்தங்கினர். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவரே விஞ்சினர்.

அடிக்கும் முறை கைவராத புதியோனுக்கு வரிசைப் பயிற்சியே தகும். கைவந்தபின், பயிற்றுநர் பகடை உருட்டிப் பந்து செல்லும் இடங்களைக் குறித்துக்கொள்க. மனம்போனபடி அனுப்பலாமே எனின், மனமும் விரைவில் ஒரு வரிசைக்குள் வீழ்ந்துவிடும். தொடக்கத்திற் பல பந்து தவறும். அதுகண்டு முகஞ்சுளித்துப் பழைய வரிசைக்கு மீள்வதே பயிற்றுநர் செய்யும் பெரும்பிழை.