கறுப்பு வண்டி வெளுக்கலாமா?

கடலூர் கடற்கரையில் உப்புக் காற்று வீசுகிறது. சிதம்பரம் தேரோடும் வீதிகளில் வெயில் கொளுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத் தவிக்கிறது ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள்!

வாங்கிய அன்று அதில் முகம் பார்க்கலாம். தலை வாரிக்கொள்ளலாம். பொட்டுக்கூட வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வருடம் கழித்துப் பாருங்கள். அந்தக் கறுப்பு எங்கே? சாம்பல் பூத்த அடுப்புக் கரி மாதிரி நிற்கிறது வண்டி.

தவணை இன்னும் முடியவில்லை. அதற்குள் பளபளப்பு முடிந்துவிட்டது!

இது விதியா? இல்லை. வெயிலும் உப்பும் பாதிக் குற்றவாளிகள். மீதிப் பாதி, துடைக்கிற கைதான்.

புளியா? சாம்பலா?

ஆயுத பூசைக்கு முதல் நாள். வாசலில் வண்டி நிற்கிறது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு வருகிறார். பிறகு என்ன நடக்கும்? பல வீடுகளில் இப்படித்தான் நடக்கும்:

"ஏங்க, கொஞ்சம் புளி தரட்டுமா? குத்துவிளக்கு எப்படி மின்னுது பாருங்க!" என்பார் மனைவி.

"புளி வேணாம்டா தம்பி. சாம்பலைத் தொட்டுத் தேய்" என்பார் திண்ணையில் இருக்கும் ஆயா.

"அதெல்லாம் எதுக்கு சார்? துணியில மண்ணெண்ணெய் தொட்டு ஒரு துடை துடைங்க. புது வண்டி மாதிரி ஆயிடும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று யோசனைகளும் கெட்டவை!

பித்தளைக் குடம் உள்ளும் புறமும் பித்தளை. புளியின் புளிப்பு களிம்பைக் கரைக்கும். சாம்பல் அழுக்கைச் சுரண்டும். கொஞ்சம் தேய்ந்தாலும் உள்ளே இருப்பது பித்தளைதான்.

வண்டி அப்படி அல்ல. அதன் அழகு மேலே போர்த்திய மெல்லிய போர்வையில் இருக்கிறது. போர்வை கிழிந்தால் உள்ளே இருப்பது இரும்பு. இரும்பும் உப்புக் காற்றும் சந்தித்தால் பிறப்பது துரு.

தலைமுடியைவிட மெல்லியது!

அந்தப் போர்வை எவ்வளவு கனம் தெரியுமா?

கம்பெனியில் பூசி வரும் பெயிண்டு, அடிப்பூச்சு முதல் மேல்பூச்சு வரை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, மொத்தப் பெயிண்டும் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்!

இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. அதைக் 'கிளியர் கோட்' என்கிறார்கள். கண்ணாடி மாதிரி மின்னுவது அதுதான். அதன் கனம் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். பெண்களின் கூந்தலிலிருந்து ஒரு முடியை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அந்த முடிதான் அதைவிடத் தடிமனாக இருக்கும்.

அந்த மெல்லிய பூச்சைத்தான் மண் படிந்த துணியால் தினமும் தேய்க்கிறோம்! கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, பெயிண்டு தேய்ந்து இரும்பு தெரிகிறது.

மண்ணெண்ணெய் மாயம்

மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்தால் வண்டி மின்னுவது உண்மை. தேங்காய் எண்ணெய் தடவினாலும் மின்னும். ஆனால் அது ஒரு நாள் கூத்து.

எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டுகிறது. மறுநாள் அந்தத் தூசியோடு சேர்த்துத் துடைக்கிறோம். துணி உப்புத்தாள் ஆகிவிடுகிறது. மண்ணெண்ணெயும் டீசலும் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். சூடான என்ஜின் பக்கத்தில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

மண்ணெண்ணெய் போட்டு மினுக்கிய வண்டி, பவுடர் பூசிய காய்ச்சல்காரர் மாதிரி. முகம் மின்னும். நோய் உள்ளேயே இருக்கும்.

கறுப்பு எங்கே போகிறது?

கறுப்புப் பெயிண்டுக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் மிக நுண்ணிய கரித்தூள். விளக்குப் புகையைப் பிடித்துக் கண்மை செய்வார்களே, அதற்கு நெருங்கிய உறவு. இந்தக் கரி வெயிலுக்கு எளிதில் வெளுக்காது.

பிறகு வெளுப்பது எது?

கரித்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின்தான் கெடுகிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அந்தப் பிசினைச் சிதைக்கின்றன. வழவழப்பாக இருந்த மேல்பரப்பு சொரசொரப்பாகிறது. அதில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. நம் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

அதாவது, கறுப்பு போகவில்லை. உள்ளேயே இருக்கிறது! மேலே திரை விழுந்திருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு கைத் தண்ணீர் போதும். வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு, வெளுத்த இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய கறுப்பு திரும்பி வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் வைத்தியம் உண்டு. சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்பியதால் கறுப்பு தெரிந்தது. பாலீஷ் அந்தச் சொரசொரப்பையே மழுக்குகிறது.

மேல்பூச்சு தோல் உரிந்த மாதிரி செதில் செதிலாகக் கிளம்பியிருக்கிறதா? அப்படியானால் பாலீஷ் உதவாது. பெயிண்டரிடம் போக வேண்டியதுதான்.

கறுப்பின் பெருமை

கறுப்பு வண்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் 'மாடல் டி' கார், 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது.

நம் தமிழ்நாட்டிலும் 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் தயாராயின. கறுப்புத் தொட்டியும், அதன்மேல் கையால் இழுத்த தங்க நிறக் கோடும் அதற்குத் தனி அழகு.

ஆனால் கறுப்பில் ஒரு தொல்லை. வெள்ளை வண்டியில் நூறு கீறல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் வெயில் பட்டதும் காட்டிக் கொடுத்துவிடும். வட்ட வட்டமாகச் சிலந்தி வலை மாதிரி தெரிகிறதே, அது எல்லாம் துணி போட்ட கோலம்!

வெயிலையும் கறுப்பு வாங்கிக்கொள்கிறது. நடுப்பகலில் கை வைத்தால் சுட்டுவிடும். அந்தச் சூட்டில் கழுவினால் தண்ணீர் உடனே காய்ந்து வெள்ளைத் திட்டு விழும். காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவுவதே நல்லது.

வீட்டிலேயே வைத்தியம்

பெரிய மெஷின் வேண்டாம். இரண்டு வாளி, வண்டி கழுவும் ஷாம்பு, சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணிகள் நான்கு, மென்மையான பாலீஷ் ஒரு டப்பா, மெழுகு ஒரு டப்பா. இவ்வளவே போதும்.

முதல் வேலை, துணியைத் தொடாமல் இருப்பது! முதலில் நிறையத் தண்ணீரை ஊற்றி, மணலும் உப்பும் தானாக ஓடும்படி விட வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்த வண்டிக்கு இது மிகவும் முக்கியம்.

பிறகு ஒரு வாளியில் ஷாம்பு நீர். இன்னொன்றில் வெறும் நீர். துணியை ஷாம்பு நீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். அழுக்கை வெறும் நீரில் அலசிவிட்டு, மீண்டும் ஷாம்பு நீரில் நனைக்க வேண்டும். மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். கீழே விழுந்த துணியை எடுத்து அப்படியே துடைக்கக் கூடாது. அதில் மண் ஒட்டியிருக்கும்.

துணி துவைக்கும் பவுடர் ஆகாது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால், காய விடாமல் உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பாலீஷ். முதலில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். துணியில் கறுப்பு ஒட்டுகிறதா? அது கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்டு. பாலீஷ் நேராக நிறத்தையே தேய்க்கிறது என்று அர்த்தம். இன்னும் மெதுவாகக் கை போட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு சாண், இரண்டு சாண் இடம் மட்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவு பாலீஷ். நேர்கோட்டில், மெதுவான அழுத்தம். பிறகு வேறு துணியால் துடைத்துவிட வேண்டும். விளிம்புகளிலும் மூலைகளிலும் பெயிண்டு மெல்லியதாக இருக்கும். அங்கே தேய்க்காமல் விடுவதே புத்திசாலித்தனம். தங்கக் கோடு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியில் மெழுகு. பாலீஷ் தேய்ப்பது, மெழுகு காப்பது. இரண்டும் ஒன்றல்ல. நல்ல மெழுகுகளில் சேரும் 'கார்னோபா', பிரேசில் நாட்டுப் பனை வகை மரம் ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. கொளுத்தும் வெயிலில் ஓலை காய்ந்து போகாமல் காக்க அந்த மரம் தானே சுரக்கும் மெழுகு அது. ஓலையைக் காத்த மெழுகு வண்டியையும் காக்கிறது!

இதைச் செய்யாதீர்கள்!

'மேட்' என்னும் மங்கல் கறுப்பு வண்டிகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றுக்குப் பாலீஷ் போடவே கூடாது. மெழுகும் வேண்டாம். திட்டுத் திட்டாக மின்னி அசிங்கமாகிவிடும். பிறகு பழைய மங்கலைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் பாலீஷோ மெழுகோ படவே கூடாது. பிரேக் பிடிக்காது. டயர் வழுக்கும். அழகுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? இருக்கைக்கும் கால்மிதிக்கும் இதே விதிதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாலீஷை அடிக்கடி போடாதீர்கள். ஒவ்வொரு பாலீஷும் மேல்பூச்சில் கொஞ்சத்தைத் தின்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். மெழுகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூசலாம். கழுவுவது வாரம் ஒரு முறை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா?

நேரம் எங்கே?

"இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது? கடையில் விட்டால் அரை மணியில் முடித்துவிடுவார்கள்" என்று சிலர் சொல்லலாம்.

கடைக்குப் போவது தப்பு அல்ல. தொழில் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் அவசரக் கடையில் ஒரே துணி நாற்பது வண்டிகளைத் துடைக்கும். முந்தைய வண்டியின் மண், அடுத்த வண்டியின் கீறல்! வலுவான பாலீஷை மெஷினில் வைத்து அழுத்தினால் அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். எவ்வளவு பூச்சு போயிற்று என்பது மூன்றாம் வருடம்தான் தெரியும்.

சொந்தக்காரருக்குத்தான் வண்டியின் அருமை தெரியும். கல்லூரிக்குப் போக அப்பா கடன் வாங்கிக் கொடுத்த வண்டி. மீன் கூடை ஏற்றிப் பிழைக்கிற வண்டி. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற வண்டி. பல குடும்பங்களில் வீட்டுக்கும் நகைக்கும் அடுத்த சொத்து அதுதான். அதன் பெயிண்டு வெறும் அழகு அல்ல. துருவுக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கிற காவல்காரன்.

கடலூர் மாவட்டத்துக்கு இது தெரியாத பாடம் அல்ல. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்தது. 2015-ல் வெள்ளம் வந்தது. கடலும் மழையும் வரும்போது கேட்டுக்கொண்டு வருவதில்லை. புயல் ஓய்ந்த பிறகு நல்ல தண்ணீரில் உப்பையும் சேற்றையும் கழுவிவிட்டால் துருவைத் தள்ளிப் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் போதும். மகன் தண்ணீர் ஊற்றட்டும். மகள் துணி அலசட்டும். அப்பா துடைக்கட்டும். அம்மா, "அங்கே ஒரு திட்டு இருக்கு பாருங்க" என்று காட்டட்டும். புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்கே இருக்கட்டும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் பெரியவர்கள். கடன் வாங்கி வாங்கிய வண்டியைக் கழுவிக் கட்ட வேண்டாமா?

கடைசித் தவணை கட்டுகிற நாளிலும் அந்தக் கறுப்பில் முகம் தெரிய வேண்டும். அதுதான் கெட்டிக்காரக் குடும்பம்!