பழைய செய்திகளும் புதிய பெட்டியும்

2024 பிப்ரவரி 22ஆம் தேதி கூகுள் ஒரு கதவை மூடியது. யூஸ்நெட் என்ற பழைய விவாத மேடையில் கூகுள் குரூப்ஸ் வழியாக எழுதுவதும் புதிய செய்திகளைப் படிப்பதும் அன்றோடு நின்றன. அதற்கு முந்தைய செய்திகளைத் தேடிப் படிக்கலாம், அவ்வளவுதான். ஆர்ப்பாட்டம் எதுவும் எழவில்லை. ஆனால் நியூஸ்குரூப் படிக்கும் பழக்கத்தை இன்னமும் விடாத சிலருக்கு அது வீடு மாற்றும் வேலை ஆகிவிட்டது. வேறொரு சர்வரில் கணக்குத் தொடங்க வேண்டும். நியூஸ்ரீடர் எனப்படும் சாஃப்ட்வேர் ஒன்றை கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டும். புது வீடு பிடிப்பது சுலபம். பழைய சாமான்களை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்து, 1980இல் ஓடத் தொடங்கிய ஏற்பாடு யூஸ்நெட். ஒருவர் எழுதும் செய்தி ஒரு சர்வரிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று பிரதி பிரதியாகப் பரவும். தலைமையகம் கிடையாது. லினஸ் டோர்வால்ட்ஸ் தான் உருவாக்கிவரும் ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றி முதலில் அறிவித்தது இங்கேதான், 1991 ஆகஸ்ட் 25 அன்று. அதே மாதம் 6ஆம் தேதி டிம் பெர்னர்ஸ் லீ வேர்ல்ட் வைட் வெப் பற்றி விளக்கி எழுதியதும் இன்னொரு நியூஸ்குரூப்பில்தான். அன்று முதல் படிப்பவர்கள் நியூஸ்ரீடரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மாற்றும்போதெல்லாம் ஏதாவது தொலைந்துகொண்டும் இருக்கிறது.

தொலைவதற்கு முக்கியக் காரணம் ஒரு தவறான நம்பிக்கை. நியூஸ்ரீடரைத் திறந்தால் ஆயிரக்கணக்கான தலைப்புகள் வரிசையாகத் தெரிகின்றன. எல்லாம் தன் கம்ப்யூட்டரில் இருப்பதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். பல சமயம் அங்கே இருப்பவை தலைப்புகள் மட்டுமே. செய்தியின் உடல் சர்வரில் கிடக்கிறது; தலைப்பைச் சொடுக்கும்போதுதான் வருகிறது. சர்வரோ எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்யவில்லை. இடம் போதாவிட்டால் பழையவற்றைக் கழித்துவிடும். எத்தனை நாள் என்பது அந்தந்த சர்வரை நடத்துபவரின் முடிவு. சில சமயம் சர்வரே மூடப்படும். யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 மே மாதத்தில் தன் சர்வரை நிறுத்திவிட்டது.

ஆக, மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, எது எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. வழி எளிது. இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு நியூஸ்ரீடரைத் திறந்து, பழைய செய்திகள் சிலவற்றைச் சொடுக்க வேண்டும். திறந்தால் அது கைவசம் இருக்கிறது. திறக்காவிட்டால் அது அடுத்தவர் வீட்டில் இருக்கிறது. அடுத்தவர் வீட்டில் உள்ளதை, பழைய சர்வருடன் தொடர்பு இருக்கும்போதே முழுமையாக இறக்கிக்கொள்ள வேண்டும். தண்டர்பேர்ட் போன்ற நியூஸ்ரீடர்களில் ஒரு குரூப்பை இணைப்பு இல்லாமல் படிப்பதற்கென்று குறித்து, மொத்தமாக இறக்க வசதி உண்டு.

இறக்கியதோடு வேலை முடியவில்லை. அந்தச் செய்திகள் இன்னும் அந்தக் குரூப்பின் கணக்கில்தான் இருக்கின்றன. குரூப்பிலிருந்து விலகினாலோ, நாள் கணக்கு முடிந்தாலோ போய்விடக்கூடும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸில், இறக்கிய செய்திகளைச் சில நாட்களில் நீக்குவதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதில் குறி விழுந்திருப்பதைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் பலர். வேண்டியவற்றை, ஈமெயில் வைக்கும் உள்ளூர் ஃபோல்டர் ஒன்றுக்குப் பிரதி எடுத்து வைப்பதே பாதுகாப்பு. அதன் பிறகு அவற்றின் மீது சர்வருக்கோ குரூப்புக்கோ எந்த அதிகாரமும் இல்லை.

அடுத்த சங்கடம், படித்தவை எவை, படிக்காதவை எவை என்ற கணக்கு. பழைய யுனிக்ஸ் நியூஸ்ரீடர்கள் இதற்கு நியூஸ்ஆர்சி என்ற சிறிய ஃபைலை வைத்திருந்தன. தண்டர்பேர்டிலும் இது உண்டு. குரூப்பின் பெயர், அதையடுத்து 1 முதல் 4523 வரை படித்தாயிற்று என்பது போன்ற எண்கள், அவ்வளவுதான் அதில் இருக்கும். அதே சர்வரில் நீடித்து நியூஸ்ரீடரை மட்டும் மாற்றுபவர்களுக்கு இந்த ஃபைல் பெரிய உதவி. சர்வரும் மாறினால் பயனில்லை. காரணம்: ஒவ்வொரு சர்வரும் தனக்கு வந்த வரிசைப்படி செய்திகளுக்குத் தானே எண் போடுகிறது. ஒன்றில் 4523ஆக இருப்பது இன்னொன்றில் 891ஆக இருக்கலாம். பழைய எண்களைப் புதிய சர்வரில் பொருத்தினால், படிக்காத செய்திகள் படித்தவையாக மறைந்துபோகும். இந்தக் கணக்கை இழப்பதில் பெரிய நஷ்டமில்லை. புதிய இடத்தில் குறிப்பிட்ட தேதிக்கு முந்தையவை எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டுப் புதுக் கணக்குத் தொடங்கலாம்.

இழக்கக் கூடாதது வேறு. ஒவ்வொரு செய்தியின் தலையிலும் மெசேஜ் ஐடி என்ற அடையாளம் இருக்கிறது. சர்வருக்கு சர்வர் எண் மாறினாலும் இது மாறாது. எந்தச் செய்திக்கு எது பதில் என்பதையும் இதை வைத்துத்தான் நியூஸ்ரீடர் கண்டுபிடித்துக் கோர்க்கிறது. செய்தியை வெறும் எழுத்தாக, பெயர், தேதி, பொருள் மட்டும் போட்டுச் சேமித்தால் இந்த இழை அறுந்துபோகும். 40 பேர் ஒரு மாதம் வாதாடிய விவாதம், யார் யாருக்குச் சொன்னது என்று தெரியாத 200 துண்டுகளாகச் சிதறிவிடும். எனவே சேமிக்கும்போது தலைப்பு வரிகள் முழுவதையும் சேர்த்தே சேமிக்க வேண்டும்.

எந்த வடிவத்தில்? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 5ஆம் பதிப்பிலிருந்து டிபிஎக்ஸ் என்ற தன் சொந்த வடிவத்தில் செய்திகளைப் பூட்டி வைத்தது. அந்த சாஃப்ட்வேர் விண்டோஸ் விஸ்டாவோடு விடைபெற்றுவிட்டது. ஃபைலை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றியவர்கள், அதைத் திறக்க இன்று மாற்று சாஃப்ட்வேர் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஏஜென்ட் என்ற நியூஸ்ரீடரும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருந்தது. ஆனால் யுனிக்ஸ் வடிவத்தில் வெளியே எடுக்கவும் வழி விட்டிருந்தது. எம்பாக்ஸ் எனப்படும் அந்த யுனிக்ஸ் வடிவம் மிகப் பழையது, மிக எளிமையானது. செய்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சாதாரண எழுத்தில் இருக்கும். எந்த சாஃப்ட்வேரும் இல்லாவிட்டாலும் சாதாரண எடிட்டரில் திறந்து படிக்கலாம். தண்டர்பேர்ட் தன் ஃபோல்டர்களை வழக்கமாக வைப்பதும் இந்த வடிவத்தில்தான்.

எளிய வடிவத்தின் அருமைக்கு ஒரு சாட்சி கனடாவில் இருக்கிறது. டொரன்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துவந்த ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் யூஸ்நெட் செய்திகளைக் காந்த டேப்புகளில் சேமித்து வந்தார். 1991 வரை சேர்ந்தவை 141 டேப்புகள், சுமார் 20 லட்சம் செய்திகள். பின்னர் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அவற்றைப் பொறுமையாகப் படித்து டிஸ்க்குக்கு மாற்றினார்கள். டேப்பிலிருந்து வெளியே வந்ததும் அவற்றைப் படிக்க எந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேரும் தேவைப்படவில்லை. உள்ளே இருந்தது வெறும் எழுத்து. டேஜா நியூஸ் என்ற நிறுவனம் 1995 முதல் திரட்டிய தொகுப்பை கூகுள் 2001 பிப்ரவரியில் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அது வெளியிட்ட 20 ஆண்டுத் தொகுப்பின் தொடக்க கால வரலாறு, பெரும்பாலும் ஸ்பென்சரின் அலமாரியிலிருந்து வந்தது.

'அதுதான் எல்லாம் கூகுளில் இருக்கிறதே' என்று கேட்கலாம். எல்லாம் இல்லை. தன் செய்தியைக் காப்பகத்தில் சேர்க்க வேண்டாம் என்று தலைப்பில் ஒரு வரி சேர்க்க எழுதுபவருக்கு உரிமை இருந்தது. டேஜா நியூஸும் கூகுளும் அதை மதித்தன. அத்தகைய செய்திகள் அன்று படித்தவர்களின் கம்ப்யூட்டர்களில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். அவற்றை வைத்திருப்பவர் பொதுவில் பரப்பாமல், தன் உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதுதான் நாகரிகம்.

இந்தியாவில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையைத் தொடங்கியபோது, இணைப்பு தொலைபேசி வழியாகத்தான். நிமிடங்கள் ஓட ஓட பில் ஏறும். ஆகவே செய்திகளை அவசரமாக இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படித்தவர்கள் உண்டு. அன்றைய சிக்கனம் இன்றைக்குச் சொத்து. சர்வரிலிருந்து எப்போதோ மறைந்த செய்திகள் அவர்களது பழைய ஹார்ட் டிஸ்க்கில் முழு உடலோடு இருக்கக்கூடும்.

தமிழில் எழுதப்பட்டவற்றுக்கு இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சாக்.கல்ச்சர்.தமிழ் போன்ற குரூப்களில் ரோமன் எழுத்தில் எழுதிய தமிழுக்குப் பிரச்சினை இல்லை. டிஸ்கி போன்ற குறியீடுகளில், யூனிகோட் பரவுவதற்கு முன் எழுதியவை புதிய நியூஸ்ரீடரில் புரியாத கிறுக்கல்களாகத் தெரியும். பயந்து அழித்துவிட வேண்டியதில்லை. எழுத்து கெடவில்லை, அதைக் காட்டும் எழுத்துருதான் இல்லை. ஆனால் அந்தக் கிறுக்கலை அப்படியே திருத்திச் சேமித்தால் உண்மையிலேயே கெட்டுவிடலாம். மூலத்தைத் தொடாமல், பிரதி எடுத்து அதை யூனிகோடுக்கு மாற்றுவதே முறை.

கடைசியாக, சொந்தமாக எழுதி அனுப்பியவை. அடுத்தவர் சொன்னதையெல்லாம் பத்திரப்படுத்துபவர்கள் தாங்கள் எழுதியதை மறந்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் குரூப்பில் இருக்காது. அனுப்பியவை என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, புதிய நியூஸ்ரீடரில் பழைய செய்திகள் சிலவற்றைத் திறந்து பார்த்து, பதில்கள் இழையாகக் கோர்த்து நிற்கின்றனவா என்று சரிபார்த்த பிறகு பழையதைத் தூக்கிப்போடலாம். அதற்கும் அவசரமில்லை. அந்த 20 லட்சம் செய்திகள் பிழைத்ததற்குக் காரணம், டொரன்டோவில் அந்த 141 டேப்புகளையும் யாரும் குப்பையில் போடாததுதான்.